மூர்த்தி அண்ணனுக்கு எந்தக் கட்டம்?

1

போன மாதம் ஒரு சனிக்கிழமை, சாப்பாட்டு மேசையைத் துடைக்கப் போன இடத்தில் ஒரு காகிதத்தில் என் அண்ணனைப் பார்த்தேன்.

படமில்லை, பெயர்தான். என் மகள் இனியா தன் கோணல் கையெழுத்தில் ‘மூர்த்தி மாமா’ என்று ஜெர்மன் எழுத்துகளில் எழுதியிருந்தாள். அதன் கீழே வேலை: கோட்டை வாசல் காவலர். ஆயுதம்: ஈட்டி. பலம் இவ்வளவு, புத்தி இவ்வளவு என்று எண்கள். புத்திக்கு நல்ல எண்தான் கொடுத்திருந்தாள், அதுவரை சந்தோஷம். காகிதத்தின் மூலையில் ஒரு சின்னக் கட்டம். அதில் பென்சிலால் இரண்டே இரண்டு சொற்கள். தமிழில் சொன்னால், ‘சட்டப்படி நடக்கும் கெட்டவர்’.

எனக்கு வந்ததே கோபம்! துடைக்கிற துணியை அப்படியே போட்டுவிட்டு அவள் அறைக்குப் போனேன்.

“இது யாரு எழுதுனது?”

“நான்தான். கேமுக்கும்மா. வில்லன் ஒருத்தர் வேணும்.”

“வில்லனுக்கு உனக்கு வேற ஆளே கெடைக்கலியா? அவர் உன்ற தாய்மாமன்டி.”

இனியாவுக்குப் பதினாலு வயது. கத்தமாட்டாள். அவள் அப்பாவின் நிதானம் அது. காதில் மாட்டியிருந்ததைக் கழற்றி வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“நீதானம்மா சொன்ன. மாமா ரூல் பேசுவார், ஆனா மனசு கெடையாதுன்னு. நான் அதைத்தான் எழுதியிருக்கேன்.”

சொன்னேனா? சொல்லியிருப்பேன். ஒரு தடவையா இரண்டு தடவையா? வாரம் ஒரு முறை ஊருக்குப் பேசி முடித்து போனை வைத்ததும் புலம்புவது என் வழக்கம். சுவரிடம் புலம்புவதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

2

இந்த விளையாட்டைப் பற்றி ஊரில் இருக்கும் உங்களுக்குக் கொஞ்சம் சொல்லவேண்டும். நான் முதலில் ஏதோ கம்ப்யூட்டர் விளையாட்டு என்று நினைத்தேன். இல்லை. நாலைந்து பிள்ளைகள் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொண்டு வாயாலேயே ஆடுவது. ஒருத்தி மந்திரக்காரி, ஒருவன் வீரன். நடுவில் ஒருவர் கதையை நடத்துவார். எங்கள் வீட்டில் அது இனியா. “உன் முன்னால் ஒரு குகை, என்ன செய்வாய்?” என்று கேட்பாள். இருபது முகம் உள்ள பகடையை உருட்டி, நினைத்தது நடந்ததா என்று பார்ப்பார்கள். மூன்று வருடமாகச் சனிக்கிழமை மதியம் எங்கள் வீட்டில் இதுதான். பணியாரம் சுட்டுப் போடுவது என் பங்கு.

ஒவ்வொரு வேடத்துக்கும் ஒரு குணக்கட்டம் உண்டு. மொத்தம் ஒன்பது. ஒரு பக்கம் நல்லவர், நடுவில் நிற்பவர், கெட்டவர். இன்னொரு பக்கம் சட்டப்படி நடப்பவர், இரண்டுங்கெட்டான், தன்னிஷ்டக்காரர். சட்டப்படி நடக்கும் நல்லவர் இருக்கிறார், சட்டத்தை மதிக்காத நல்லவரும் இருக்கிறார். கெட்டவரிலும் அப்படியே. ஆள் எந்தக் கட்டம் என்று எழுதிவிட்டால் அதற்கேற்றபடி ஆடவேண்டும். மாற்றி ஆடினால் மற்றவர்கள் விடமாட்டார்கள். “உன் ஆள் இதைச் செய்யமாட்டானே!” என்று அரைமணி நேரம் சண்டை நடக்கும். பகடை உருண்ட நேரத்தைவிட இந்தப் பஞ்சாயத்து நடந்த நேரம்தான் அதிகம்.

இந்த ஒன்பது கட்டத்தைத் தெரிந்துகொண்ட பிறகு எனக்குப் பாத்திரம் கழுவும்போது அதே வேலையாகிவிட்டது. ஊர்க்காரர்களை ஒவ்வொருவராகக் கொண்டுவந்து கட்டத்தில் உட்காரவைப்பேன். ஒருத்தரும் ஒழுங்காக உட்காரமாட்டேன் என்கிறார்கள்.

சேலத்தில் படித்தபோது ஃபேர்லேண்ட்ஸில் ஒரு வீட்டு மாடியில் நாலு பெண்கள் வாடகைக்கு இருந்தோம். வீட்டுக்காரம்மா இரவு எட்டு மணிக்கு முன்கேட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டால், இந்திரனே வந்தாலும் திறக்கமாட்டார். எனக்கு ஒருமுறை நடு இரவில் காய்ச்சல் முற்றிக் கைகால் உதறியபோது, தானே ஓடி டாக்டரைக் கூட்டிவந்தார். எப்படி? பின்பக்கம் துணி துவைக்கும் கல்லைத் தாண்டி, சமையலறை வழியாக. கேட் பூட்டியது பூட்டியதுதான். பாவம், டாக்டரின் பேண்ட்டெல்லாம் சோப்புத் தண்ணீர். இந்த அம்மாவை எந்தக் கட்டத்தில் போடுவது?

என் கணவர் ஆத்தூர்க்காரர். அவருக்கு எதைக் கேட்டாலும் நடுக்கட்டம். “உங்க அண்ணன் பண்ணதும் சரிதான், நீ கோச்சுக்கறதும் சரிதான்” என்பார். பதினாறு வருடமாக இதையேதான் சொல்கிறார்.

3

அண்ணன் பண்ணியது என்ன என்று சொல்லிவிடுகிறேன்.

எங்களுக்குத் திருச்செங்கோட்டுப் பக்கம். அண்ணனுக்குப் போர்வெல் வண்டித் தொழில். பூமியில் ஓட்டை போடுகிறவருக்கு எதற்கு இத்தனை சட்டம் என்று ஊரே கேட்கும். நிலத்துப் பங்காளிகள் எல்லாரும் வந்து நின்றால்தான் வண்டியை இறக்குவார். ஒருவர் வெளியூரில் இருந்தாலும் கம்ப்ரசரைப் போடமாட்டார். எங்கள் சொந்தச் சித்தப்பாவுக்கே ஒரு கோடையில் போர் போட மாட்டேன் என்று வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தவர். சித்தப்பா எங்கள் வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றாத குறை.

அப்படிப்பட்டவருக்குக் கல்யாணம் கூடியது. நான் ஜெர்மனிக்கு வந்து எட்டு மாதம். கூடப்பிறந்தது நாங்கள் இரண்டே பேர். அதனால் இணைச்சீர் செய்யவேண்டியவள் நான். கொங்கு நாட்டுக் கல்யாணம் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன்: மாப்பிள்ளையின் அக்காவோ தங்கையோ செய்யும் சீர் இது. சடங்கு நடத்தும் பெரியவரான அருமைக்காரர் முன்னால் நின்று நடத்த, கூறைச்சேலையின் ஒரு தலைப்பு அண்ணன் கையிலும் மறு தலைப்பு தங்கை கையிலும் இருக்கும். தாலி கட்டுவதற்கு முன்னால் நடப்பது. இனி எனக்கென்று ஒருத்தி வருகிறாள், ஆனாலும் உன் இடம் உனக்கு உண்டு என்று சபையறியச் சொல்வதாக நான் எடுத்துக்கொண்டிருந்தேன். சின்ன வயதில் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் தாலி கட்டுவதைவிட இதைத்தான் வாய் பிளந்து பார்ப்பேன்.

அந்த நேரம் பார்த்து என் விசா முடிந்து, இங்கே தங்குவதற்கான புது அனுமதி அட்டைக்கு எழுதிக் கொடுத்திருந்தேன். அட்டை கையில் இல்லாமல் கிளம்பினால் திரும்பி வர முடியாது. வெளிநாட்டவர் அலுவலகத்தில் தேதி சொன்னார்கள். முகூர்த்தத்துக்குப் பன்னிரண்டு நாள் கழித்து.

அண்ணனுக்குப் போன் போட்டேன். அழுதேன் என்றே வைத்துக்கொள்ளுங்களேன்.

“பன்னண்டு நாளுங்ணா. தள்ளி வைங்க.”

“முகூர்த்தம் குறிச்சாச்சு அம்மிணி. பத்திரிக்கை குடுத்தாச்சு.” அவ்வளவுதான் சொன்னார்.

இணைச்சீர் எங்கள் பெரியப்பா மகள் செய்தாள். போட்டோ வந்தது. அவள் கையில் தலைப்பு. அதன் பிறகு நான் ஊருக்கு ஆறு முறை போயிருக்கிறேன். அண்ணன் வீட்டில் விருந்து சாப்பிட்டிருக்கிறேன், அண்ணியோடு சேலை எடுக்கப் போயிருக்கிறேன். அண்ணனோடு மட்டும் வானிலை, உடம்பு, பிள்ளைகள் படிப்பு. வேறு பேச்சில்லை.

4

இப்போது என் பக்கத்துக் கதை. இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

இந்தத் தை மாதம் அண்ணனே கூப்பிட்டார். “உன்ற ஊட்டுல நான் ஒருக்காக் கூடக் கை நனைக்கல அம்மிணி. இனியாவும் பெருசாயிட்டா. ஒரு பத்து நாளைக்கு வரலாம்னு இருக்கறேன்.”

எங்கள் பக்கம் கை நனைப்பது என்றால் சாப்பிடுவது மட்டும் இல்லை. வீட்டுக்கு வந்து கை நனைத்துவிட்டால் உறவு சரியாகிவிட்டது என்று அர்த்தம். வருத்தம் இருக்கிற வீட்டில் பச்சைத்தண்ணிகூடக் குடிக்காமல் எழுந்து போவார்கள். பதினாறு வருடம் கழித்து அவர் கேட்டது அதைத்தான், எனக்கும் தெரிந்தது.

இங்கே விருந்தாளி வரவேண்டுமென்றால், அவருக்கு நான் பொறுப்பு என்று அலுவலகத்தில் நேரில் போய்க் கையெழுத்துப் போட்டு ஒரு பத்திரம் வாங்கி அனுப்பவேண்டும். அதை வைத்துத்தான் அவர் விசா கேட்க முடியும். எழுதிப்போட்டேன். இரண்டு மாதமாவது ஆகும் என்று நினைத்தால், ஒன்பதாம் நாளே வரச்சொல்லித் தேதி வந்துவிட்டது. இந்த நாட்டில் எனக்கு எதுவுமே இவ்வளவு சீக்கிரம் நடந்ததில்லை.

கடிதத்தை எடுத்து அலமாரி இழுப்பறையில், மிக்சி வாங்கியபோது கொடுத்த புத்தகத்துக்கு அடியில் வைத்தேன். தேதி வந்தது, போனது. நான் போகவில்லை.

அண்ணன் வாரம் தவறாமல் கேட்பார். “ஆபீசுல லெட்டரு வந்துச்சா அம்மிணி?”

“இழுத்தடிக்கறாங்ணா. இங்கத்த ஆபீசு அப்படித்தான்.”

அலுவலகத்தின் மேல் பொய் சொன்னால் உலகத்தில் யாரும் சந்தேகப்படுவதில்லை. அண்ணனும் நம்பினார். எனக்குப் பன்னிரண்டு நாள் காத்திருக்க முடியாதவர் காத்திருக்கட்டுமே என்று இருந்தது. நாலு மாதம் ஓடிவிட்டது. நான் எந்தச் சட்டத்தையும் மீறவில்லை, யாரையும் திட்டவில்லை. ஒரு காகிதத்தை இழுப்பறையில் வைத்தேன், அவ்வளவுதான்.

5

காகிதத்தில் அண்ணனைப் பார்த்து ஒரு வாரம் கழித்து, அடுத்த சனிக்கிழமை. பிள்ளைகள் வந்துவிட்டார்கள். லேனா, யோனாஸ், இன்னும் இரண்டு பேர். சமையலறைக்கும் மேசைக்கும் நடுவில் கதவு கிடையாது. நான் பணியாரக் கல்லில் எண்ணெய் விட்டுக்கொண்டே காதை அங்கே வைத்திருந்தேன்.

யோனாஸின் வீரன் போன வாரம் குகையில் செத்துப்போனான். புதிதாக வேடம் எழுத நேரமில்லை. “இன்று நீ இவரை ஆடு” என்று இனியா மூர்த்தி மாமாவின் காகிதத்தை அவனிடம் கொடுத்தாள். யோனாஸ் மெதுவான பையன். முழுசாகப் படித்துவிட்டுத்தான் வாயைத் திறப்பான்.

இனியா கதையை ஆரம்பித்தாள். சூரியன் சாய்கிறது. மணி அடித்தால் கோட்டைக் கதவை மூடவேண்டும். காவலரின் தங்கை தூரத்தில் வண்டியில் வந்துகொண்டிருக்கிறாள். இன்னும் பன்னிரண்டு வளைவு தாண்டவேண்டும். மணி அடித்துவிட்டது. என்ன செய்வாய்?

பன்னிரண்டு! கரண்டியை வைத்துவிட்டுத் திரும்பினேன். இனியா என் பக்கம் பார்க்கவில்லை.

“மூடுவான்” என்றாள் லேனா. “கெட்டவன்தானே.”

யோனாஸ் பகடையை எடுக்கவில்லை. “மூடாமல் விட்டால் என்ன ஆகும்?” என்று கேட்டான்.

“ஒன்றும் ஆகாது. அவருக்கு ரூல் பிடிக்கும்” என்றாள் இனியா.

“ஒன்றும் ஆகாதென்றால் ஏன் மூடுகிறார்? கெட்டவனுக்கும் ஒரு காரணம் இருக்கும். காரணம் இல்லாமல் என்னால் இவரை ஆட முடியாது. காகிதத்தில் அது இல்லை.”

இனியா யோசித்தாள். பிறகு அங்கிருந்தே கூப்பிட்டாள். “அம்மா! மாமா ஏன் காத்திருக்கவில்லை?”

அத்தனை பிள்ளைகளும் என்னைப் பார்த்தார்கள். ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். ஆனால் அந்தப் பையன் உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்.

“நடுவில் ஆடி வந்துவிட்டது” என்றேன்.

ஆடியை ஜெர்மனில் விளக்கிப் பாருங்கள், தெரியும். அந்த ஒரு மாதம் கல்யாணம் செய்யமாட்டோம். ஏன் என்று கேட்காதே, செய்யமாட்டோம். குறித்தது ஆனி மாதக் கடைசி முகூர்த்தம். பன்னிரண்டு நாள் தள்ளினால் ஆடிக்குள் போய்விடும். ஆவணி பிறந்து நல்ல நாள் பார்க்க இரண்டு மாதம்.

“அப்போது பன்னிரண்டு நாள் இல்லை. இரண்டு மாதம்” என்றான் யோனாஸ்.

“ஆமாம்.”

பதினாறு வருடத்தில் ஆடி என்ற வார்த்தையை இந்தக் கதையில் நான் ஒருமுறைகூடச் சேர்த்துச் சொன்னதில்லை. இனியாவிடமும் சொன்னதில்லை. பன்னிரண்டு நாள், பன்னிரண்டு நாள் என்றே சொல்லி வந்திருக்கிறேன்.

“அப்படியானால் கட்டம் தப்பு” என்றான் யோனாஸ். ரப்பர் கேட்டான். இனியா எழுந்துவந்து அலமாரி இழுப்பறையைத் திறந்தாள்.

நான் இரண்டடி வைப்பதற்குள் மிக்சிப் புத்தகம் வெளியே வந்தது. ரப்பர் வந்தது. கடிதமும் வந்தது. அவளுக்கு அலுவலக ஜெர்மன் என்னைவிட நன்றாக வரும்; ஒரு பார்வையில் படித்துவிட்டாள். தேதியை இரண்டாவது முறை பார்த்தாள்.

என் மகள் வெளியாட்கள் இருந்தால் என்னிடம் ஜெர்மனில்தான் பேசுவாள். தமிழில் கேட்டாலும் பதில் ஜெர்மனில்தான். அன்றைக்குத் தாழ்ந்த குரலில், தமிழில் சொன்னாள். “அம்மா, இது மாமா லெட்டர். டேட் போயிருச்சு. நீ வரலன்னு சொன்ன.”

யாருக்கும் புரியக்கூடாது என்றுதான் தமிழில் பேசினாள். என் மானத்தைக் காப்பாற்றினாள்.

பணியாரம் ஒரு ஈடு கருகிப்போயிருந்தது. அடுப்பை அணைத்தேன்.

6

பிள்ளைகளைப் பணியாரத்தோடு விட்டுவிட்டுப் பால்கனிக்குப் போய் அண்ணனைக் கூப்பிட்டேன். இங்கே மணி மூன்று, ஊரில் ஆறரை. வண்டி நிறுத்தும் ஷெட்டில் இருந்திருக்கவேண்டும், பின்னால் யாரோ இரும்பைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

“ஏனம்மிணி, இந்நேரத்துக்கு? இனியா நல்லாருக்குதா?”

“நல்லாருக்கறாங்ணா. ஒண்ணு கேக்கோணும். உங்க கண்ணாலத்தைத் தள்ளி வெக்காததுக்கு ஆடிதானுங்களே காரணம்?”

இரும்புச் சத்தம் நின்றது. அவர்தான் கையைக் காட்டி நிறுத்தியிருப்பார்.

நான் முந்திக்கொண்டேன். “நான் அதைப் புரிஞ்சுக்காம இருந்துட்டேங்ணா. உங்க மேல தப்பில்ல.”

“இரு அம்மிணி” என்றார். “ஆடியெல்லாம் சாக்கு. பொண்ணூட்டுல கேட்டிருந்தா ஆவணிக்கு ஒத்துட்டுத்தான் இருப்பாங்க. உங்க அண்ணியே பின்னால சொன்னா, ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல, என்ற நாத்தனாருக்குன்னா நான் காத்திருக்கமாட்டனான்னு. நான் கேக்கவே இல்ல. பயந்துட்டேன். சம்பந்தம் அந்து போயிருமோன்னு பயம். அதைச் சொல்றதுக்கு வெக்கப்பட்டுட்டு முகூர்த்தம், பத்திரிக்கைன்னு சட்டம் பேசிட்டேன்.”

அவரே தொடர்ந்தார்.

“இணைச்சீர் அப்ப நான் தலையைத் தூக்கவே இல்ல. போட்டோவுல பாரு, எல்லாத்துலயும் கீழதான் பாத்துட்டு இருப்பேன். நீ ஒரு நா கேப்ப, சொல்லிப்போடலாம்னு பாத்தேன். நீ கேக்கவே இல்லியே அம்மிணி.”

அந்த போட்டோக்களை நான் எத்தனை முறை பார்த்திருக்கிறேன்! பெரியப்பா மகளின் கையை மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

அடுத்ததாக அவர் என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியும். கேட்டார். “செரி, அதை உடு. ஆபீசுல லெட்டரு வந்துச்சா?”

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் இனியா நின்றுகொண்டிருந்தாள்.

“மாசி மாசமே வந்துருச்சுங்ணா. நான்தான் போகல. ஒளிச்சு வெச்சிருந்தேன். பன்னண்டு நாளைக்கு உங்களைப் பதிலுக்குக் காக்க வெக்கோணும்னு.”

சொல்லிவிட்டேன். போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டேன். முதலில் ஒரு பெருமூச்சு, அதன் பின்னால் சிரிப்பு.

“நாலு மாசந்தானா? நானா இருந்தா ஒரு வருசம் வெச்சிருப்பேன்.”

அழுகையும் சிரிப்புமாக என் மூக்கு ஒழுகியது. “திங்கக்கெழமையே போறேங்ணா. நீங்க கட்டாயம் வரோணும்.”

“வாராம? வாரேன் சாமி. பொண்ணுகிட்டச் சொல்லு, மாமன் வந்து ரெண்டு வேளையும் கை நனைப்பான்னு.”

7

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கே அலுவலகத்து வாசலில் நின்றேன். தவறவிட்ட தேதிக்கு மன்னிப்புக் கேட்க மூன்று வாக்கியம் மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தேன். மேசைக்குப் பின்னால் இருந்த அம்மா அதைக் கேட்கவே இல்லை. புதுப் படிவம் ஒன்றை நீட்டினார். வருபவர் யார்: அண்ணன். எதற்கு வருகிறார் என்று ஒரு கட்டம். நான் பேனாவை வைத்துக்கொண்டு விழிப்பதைப் பார்த்து, “உறவினர் வருகை என்று எழுதுங்கள், போதும்” என்றார். எழுதினேன்.

மதியம் வீட்டுக்கு வந்தபோது இனியா பள்ளியிலிருந்து வரவில்லை. மேசையில் மூர்த்தி மாமாவின் காகிதம் மட்டும் கிடந்தது. மூலைக் கட்டத்தைப் பல முறை அழித்திருக்கிறார்கள். ‘நல்லவர்’ என்று எழுதி அழித்த தடம் தெரிந்தது, ‘நடுவில்’ என்று எழுதி அழித்ததும் தெரிந்தது. காகிதம் அந்த இடத்தில் நைந்துபோயிருந்தது.

அதன் மேல் கடைசியாக, தமிழ்ப் பள்ளியை விட்டு மூன்று வருடமான என் மகள், பென்சிலை அழுத்தி அழுத்தித் தமிழில் எழுதியிருந்தாள்.

‘மாம வரட்டும்.’

ஒரு துணைக்கால் விட்டுப்போயிருந்தது. வழக்கமாக நான் பேனாவை எடுத்துத் திருத்திவிடுகிற ஆள். காகிதத்தை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, வெளி அறையில் அண்ணன் படுக்கக் கட்டிலை எந்தப் பக்கம் போடலாம் என்று பார்க்கப் போனேன்.